நீல மாத்திரை: குமட்டினால் நிறுத்தலாமா?

மேலூர் பக்கம் அரசுப் பள்ளி. வாராந்திர நீல நிற இரும்புச்சத்து மாத்திரை போட்டதும் எட்டாம் வகுப்பில் சிலருக்குக் குமட்டல். நிறுத்திவிடலாமா?

பதில் 1: நிறுத்தாதீங்க டீச்சர். வெறும் வயிற்றில் கொடுத்தால் புரட்டத்தான் செய்யும். மதியச் சத்துணவு முடிந்தபிறகு, ஒரு டம்ளர் தண்ணீரோடு, கடிக்காமல் விழுங்கணும், உங்க கண்முன்னாடியே. ஒன்றில் 60 மி.கி. இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். மலம் கறுக்கும், அது சகஜம். முன்கூட்டியே சொல்லலேன்னா வீட்டில் பயந்து நிறுத்திடுவாங்க.

பதில் 2: மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்கு டீ வேண்டாம், இரும்பு உடம்பில் சரியா சேராது. நெல்லிக்காய் நல்லது. குடற்புழு மாத்திரை மட்டும் (அல்பெண்டசோல் 400 மி.கி.) மென்று தின்னணும்.

பதில் 3: மாத்திரை அட்டையைப் பிள்ளைங்க கையில் கொடுக்காதீங்க. போட்டி போட்டு மொத்தமா முழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அப்படி நடந்தால் வாந்திக்காகக் காத்திருக்காமல் உடனே 108.