மறு: ‘ஜோன் ஆஃப் இன்ஹிபிஷன்’: வளராவட்டம் எனலாமா?

அன்புடையீர், வணக்கம்.

ஏலக்காயின் நுண்ணுயிர் ஆய்வுகளைத் தமிழில் எழுதும்போது ‘ஜோன் ஆஃப் இன்ஹிபிஷன்’ என்பதை எப்படிச் சொல்வது என்று தொடங்கிய இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: தடை மண்டலம், தடுப்பு வளையம், வளர்தடைப் பகுதி. மூன்றையும் வாக்கியத்தில் வைத்து எழுதிப் பார்த்தேன். மூன்றுமே எங்கோ இடறுகின்றன.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். பெட்ரி தட்டில் அகரை (பாக்டீரியா வளர்க்கும் கூழை) ஊற்றி உறையவிட்டு, அதன்மேல் பாக்டீரியாவைச் சீராகத் தடவுகிறார்கள். ஏல எண்ணெயில் ஊறிய, 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள காகித வில்லை ஒன்றை அதன்மேல் வைக்கிறார்கள். 35 அல்லது 37 டிகிரி செல்சியசில் ஓர் இரவு விட்டுவைத்தால், மறுநாள் தட்டு முழுக்கப் பால் படிந்ததுபோலப் பாக்டீரியா படர்ந்திருக்கும். வில்லையைச் சுற்றி மட்டும் தெளிந்து கிடக்கும். அந்தத் தெளிந்த இடத்துக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

‘மண்டலம்’ என்றதும் நரம்பு மண்டலமும் வளிமண்டலமும் நினைவுக்கு வருகின்றன. விரல்நுனி அகலமுள்ள இடத்துக்கு அது பெரிய சட்டை. ‘வளையம்’ அழகான சொல்தான், ஆனால் வளையம் என்றால் நடுவில் ஓட்டை இருக்க வேண்டும். ஆய்வகத்தில் அளப்பது அப்படி இல்லை. வில்லையையும் சேர்த்து ஓரத்திலிருந்து ஓரம்வரை அளக்கிறார்கள். அதனால்தான் எந்த விளைவும் இல்லாதபோதும் சில கட்டுரைகளின் அட்டவணையில் 6 மி.மீ. என்று இருக்கிறது. அது வில்லையின் அகலம். இதை அறியாமல் ‘6 மி.மீ. அளவுக்குத் தடுத்தது’ என்று மொழிபெயர்த்துவிட்டால் கதையே மாறிப்போகும்.

‘தடுப்பு’ எனக்கு இன்னும் பெரிய தயக்கம் தருகிறது. தடுப்பூசி, நோய்த்தடுப்பு என்று பழகிய காதில், தடுப்பு என்றால் வருமுன் காப்பது. தட்டில் நடப்பது அது இல்லை. பாக்டீரியாவை ஏற்கெனவே அங்கே தடவியாயிற்று, அது பெருகவில்லை, அவ்வளவுதான். ‘ஏலக்காயின் தடுப்பு வளையம்’ என்று படிப்பவர் ‘ஏலக்காய் நோயைத் தடுக்கும்’ என்று எடுத்துக்கொண்டால் பிழை அவருடையது ஆகாது.

‘வளர்தடை’ பரிந்துரைத்த அம்மாவுக்கு: சொல்லின் சுருக்கம் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் இலக்கணம் கையை இழுக்கிறது. வளர்பிறை என்றால் வளரும் பிறை. அதே வாய்பாட்டில் வளர்தடை என்றால் வளர்ந்துகொண்டே போகும் தடை என்றாகிவிடுகிறது. வினைத்தொகை இங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது.

என் பரிந்துரை: வளராவட்டம்.

வாடா மலர், பொய்யா மொழி என்ற அதே ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்தான். ‘வட்டமா வளரவில்லை? பாக்டீரியா அல்லவா வளரவில்லை?’ என்று ஒருவர் கேட்கலாம். பெயரெச்சம் செய்பவன் பெயரை மட்டும் கொண்டு முடிவதில்லை; கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் ஆகியவற்றின் பெயர்களையும் கொள்ளும் என்பது நன்னூல் காட்டும் இலக்கணம். ‘மக்கள் வாழா ஊர்’ என்பதில் வாழாதது ஊர் இல்லையே. அதுபோல வளராவட்டம் என்பது நிலப்பெயர் கொண்டது: எதுவும் வளராத வட்டம். வட்டம் என்பதால் விட்டத்தையும் தயங்காமல் சொல்லலாம். ‘வளராவட்டத்தின் விட்டம் 14 மில்லிமீட்டர்’ என்று எழுதிப் பாருங்கள், நாக்கு தடுக்காது. இன்னொரு நன்மை, இந்தச் சொல் கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறது. அங்கே பாக்டீரியா செத்ததா, சும்மா நின்றதா என்று தீர்ப்புச் சொல்வதில்லை. தட்டும் அதைச் சொல்வதில்லை.

நான் இந்த இழைக்குள் வந்ததே இதைச் சொல்லத்தான். ஏலக்காய் ஆய்வுகளைத் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘கிருமிகளைக் கொல்லும்’, ‘நுண்ணுயிர்க்கொல்லி’ என்றே எழுதிவிடுகிறார்கள். இன்ஹிபிட் என்ற ஆங்கில வினைக்குக் ‘கொல்’ என்ற பொருள் எங்கும் கிடையாது. கொல்லாததைக் கொன்றதாகச் சொல்லும் இடத்தில் அறிவியல் போய்விடுகிறது.

அந்த வினைக்கு ‘முடக்கு’ என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. முடக்குவாதம் நினைவுக்கு வரும் என்று ஐயா ஒருவர் ஆட்சேபம் எழுதியிருந்தார். வரட்டும். 2020-க்குப் பிறகு நமக்குப் பொதுமுடக்கம் என்ற சொல் நன்றாகப் பழகிவிட்டது. முடக்கத்தில் எல்லாம் நின்றது. முடக்கம் நீங்கியதும் எல்லாம் மறுபடி ஓடியது. பாக்டீரியோஸ்டாட்டிக் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது. பொருள் இருக்கும்வரை பாக்டீரியா பெருகாது, பொருளை எடுத்துவிட்டால் மறுபடி கிளம்பிவிடும். ஆகவே பாக்டீரியோஸ்டாட்டிக் பாக்டீரியா முடக்கி, பாக்டீரிசைடல் பாக்டீரியாக் கொல்லி.

இதே ஓட்டத்தில் ‘மினிமம் இன்ஹிபிட்டரி கான்சன்ட்ரேஷன்’ என்பதையும் முடித்துவிடலாம். எண்ணெயை வரிசையான குழாய்களில் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், கண்ணுக்குத் தெரியும்படி பாக்டீரியா வளராத மிகக் குறைந்த செறிவு எது என்று பார்ப்பது அது. நான் முதலில் ‘நிறுத்தளவு’ என்று எழுதினேன். நிறுத்தலளவை என்று எடையைச் சொல்கிறோமே என்று உறைத்ததும் கைவிட்டேன். ‘முடக்களவு’ என்கிறேன் இப்போது. அந்தக் குழாய்களிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புதிய அகரில் இட்டு, 99.9 விழுக்காடு பாக்டீரியா செத்திருக்கும் மிகக் குறைந்த செறிவைக் கண்டால் அது ‘கொல்லளவு’. கொல்லளவு முடக்களவைப்போல நான்கு மடங்குக்குள் இருந்தால் அந்தப் பொருளைக் கொல்லி என்று கொள்வது வழக்கம். அதற்கு மேலே போனால் முடக்கி. இப்போது விதி எளிது: கொல்லளவைக் காட்டாத கட்டுரையை மொழிபெயர்க்கும்போது ‘கொல்லும்’ என்று எழுதக் கூடாது.

ஏல எண்ணெய்க்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், வளராவட்டம் அதற்குச் சரியான நீதி செய்வதில்லை. அகரில் பெரும்பகுதி நீர். எண்ணெய் நீரில் கலக்காது, ஆகவே வில்லையிலிருந்து அதிகம் பரவாது. போதாததற்கு ஆவியாகியும் போகும். வட்டம் சிறிதாக இருக்கலாம், ஆனால் முடக்களவு குறைவாக, அதாவது நன்றாக இருக்கலாம். இரண்டு வெவ்வேறு பொருள்களின் வட்டங்களை அருகருகே வைத்து, பெரியது வலியது என்று முடிவுகட்டுவது தவறு. வட்டம், முடக்களவு என்ற இரண்டு அளவைகளுக்கும் ‘தடுப்பு’ என்ற ஒரே சொல் இருந்தால் இந்த வேறுபாடே வாசகர் கண்ணில் படாது.

‘அத்தியாவசிய எண்ணெய்’ பற்றியும் மனம்விட்டுச் சொல்லிவிடுகிறேன். எசன்ஷியல் ஆயில் என்பதில் உள்ள எசன்ஷியல், ‘எசன்ஸ்’ என்ற சாரத்திலிருந்து வந்தது. இன்றியமையாதது என்ற பொருளுக்கு அங்கே வேலையே இல்லை. இந்தத் தவறான சொல்லைப் பாடப்புத்தகம் அளவுக்குப் பரவவிட்டது நம் எல்லோருடைய கவனக்குறைவு. ஆவியெண்ணெய் என்பது என் விருப்பம், நறுமண எண்ணெய் என்றாலும் தகும். ஏலத்தில் அது விதையில்தான் இருக்கிறது, தோலில் ஏறக்குறைய இல்லை. 1,8-சினியோலும் ஆல்ஃபா-டெர்பினைல் அசிட்டேட்டும் அதன் முதன்மைக் கூறுகள். யூகலிப்டஸ் எண்ணெயிலும் முதன்மையாக இருப்பது அதே சினியோல்தான். இத்தகைய கூறுகள் கொழுப்பை நாடுபவை, செல் சவ்வுக்குள் புகுந்து அதை ஒழுகச் செய்கின்றன. கிராம் நெகட்டிவ் என்ற வகைப் பாக்டீரியாவுக்கு வெளியே இன்னொரு சவ்வு இருப்பதால் அந்த வகை பொதுவாக எளிதில் மசிவதில்லை. 1991-இல் குபோ, ஹிமெஜிமா, முரோய் ஆகியோர் ஏல விதையின் மணக்கூறுகளைத் தனித்தனியே நுண்ணுயிர்கள்மேல் சோதித்து வெளியிட்டார்கள். எந்தக் கூறு எந்த உயிரியை என்ன செய்தது என்பதை மயங்காமல் தமிழில் சொல்ல முடிய வேண்டும். அதற்குத்தான் இவ்வளவு மெனக்கெடல்.

ஏல எண்ணெயை ‘ஆன்டிபயாட்டிக்’ என்பதும் பொருந்தாது. 1940-களில் நுண்ணுயிரியலாளர் வாக்ஸ்மன் அந்தச் சொல்லை வரையறுத்தபோது ஒரு நுண்ணுயிர் உண்டாக்கி இன்னொரு நுண்ணுயிரை எதிர்க்கும் பொருளையே குறித்தார். ஏலம் இஞ்சிக் குடும்பத்துச் செடி. அதற்கு ஆன்டிமைக்ரோபியல் என்ற பொதுப்பெயர் போதும், நுண்ணுயிரெதிர்ப்பி என்று ஏற்கெனவே வழங்குவதும் போதும். சிக்கல் வேறிடத்தில் வருகிறது. ‘ரெசிஸ்டன்ஸ்’ என்பதையும் எதிர்ப்பு என்கிறோம். மருந்து நுண்ணுயிரை எதிர்ப்பதும் எதிர்ப்பு, நுண்ணுயிர் மருந்தை எதிர்ப்பதும் எதிர்ப்பு என்றால் படிப்பவர் என்ன செய்வார்? இரண்டாவதற்கு ‘தாக்குப்பிடிப்பு’ என்று வைக்கலாம். பேச்சில் உள்ள சொல், விளக்கமே வேண்டாம்.

‘இன் விட்ரோ’, அதாவது உயிருள்ள உடலுக்கு வெளியே ஆய்வகத்தில் செய்வது பற்றி ஒரு வரி. தட்டுச்சோதனை என்றே எழுதலாம், மனிதரில் செய்வது ஆள்சோதனை. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் தொடக்கநிலை உயர் இரத்த அழுத்தம் உள்ள 20 பேருக்கு நாளுக்கு 3 கிராம் ஏலப்பொடி 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்த அழுத்தம் குறைந்தது. ஆள் குறைவுதான், ஆனாலும் அது ஆள்சோதனை. தட்டில் 14 மி.மீ. வட்டம் தெரிவது வேறு வகைச் செய்தி. இரண்டையும் ‘ஆய்வில் நிரூபணம்’ என்ற ஒரே வாக்கியத்தில் அடைப்பதை நாம் நிறுத்த வேண்டும்.

ஒன்றுக்கு மட்டும் எனக்குச் சொல் அகப்படவில்லை. வளராவட்டத்தின் ஓரம் சில தட்டுகளில் கத்தியால் வெட்டியதுபோல இருக்கும்; சிலவற்றில் பாக்டீரியா மெல்ல மெல்லக் குறைந்து, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாத மங்கலான பட்டையாக இருக்கும். அந்தப் பட்டையை ‘அரைவளர் விளிம்பு’ என்று எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. தட்டுகளோடு தினமும் பழகுகிறவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். உங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது அதை என்னவென்று சொல்கிறீர்கள்?