நர்ஸாக இருந்த அம்மாவுக்கு இளவயது அல்சைமர்: பார்த்துக்கொண்டவர்கள் எழுதலாம்

இழையைத் தொடங்கியவர்
வார்டில் சிஸ்டர், வீட்டில் அம்மா. அப்படி இருந்து மறைந்த ஒருவரின் நினைவாக இந்த இழை. இரங்கல் வேண்டாம். இதே நோய் வந்த நர்ஸ் இருக்கும் இன்னொரு வீட்டுக்கு உதவுகிற மாதிரி எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற நர்சிங் சூப்பரின்டெண்ட்
மறதி நோயான அல்சைமர் 65 வயதுக்கு முன் தொடங்கினால் இளவயது அல்சைமர். 1901இல் டாக்டர் அல்சைமர் பிராங்க்பர்ட்டில் பார்த்த, இந்த நோயின் முதல் நோயாளியான அகஸ்ட் டிட்டருக்கே வயது 51தான். ஆனாலும் 50 வயதுப் பெண் மறக்கிறார் என்றால் மாதவிலக்கு நிற்கும் வயசு, நைட் டூட்டி அலுப்பு என்றுதான் முதலில் சொல்வார்கள்.

நர்ஸ் என்றால் இன்னும் தாமதமாகத்தான் பிடிபடும். நோய் முதலில் அரிப்பது புது நினைவைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸை. கைப்பழக்கம் இருப்பது மூளையின் வேறு பகுதிகளில். அதனால் ஊசி போடுவதும் பேஷன்ட்டைத் திருப்பிப் படுக்கவைப்பதும் பிசகாது. கணக்கில்தான் சறுக்கும். ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் டிரிப் செட்டில் ஒரு லிட்டர் சலைன் 8 மணி நேரம் ஓட, நிமிடத்துக்கு 42 சொட்டு. இதை மனக்கணக்காகச் சொன்னவர் தாளில் போட்டும் தடுமாறுவார். கொடுத்த மருந்தை சார்ட்டில் ஏற்ற மறந்து, ஏறவில்லையே என்று மறுபடி கொடுக்கப் போவார். இந்த இரண்டாவதைப் பார்த்தால் அன்றைக்கே மருந்து டூட்டியிலிருந்து மாற்றிவிட வேண்டும்.

நரம்பியல் ஓ.பி. நர்ஸ்
சிஸ்டர் சொன்னதோடு ஒன்று. சிலருக்கு மறதியே முதலில் வராது. நரம்பு கண்ணெதிரே இருக்கும், ஊசி பக்கத்தில் இறங்கும். கண்ணாடியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கோளாறு கண்ணில் இல்லை, பார்த்ததைப் புரிந்துகொள்ளும் பின்மூளையில். டாக்டரிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள். பி12, தைராய்டு, வி.டி.ஆர்.எல். (சிபிலிஸ் எனும் பால்வினை நோய்க்கான ரத்தப் பரிசோதனை), எம்.ஆர்.ஐ. எல்லாம் பார்க்கச் சொல்வது, சரிசெய்யக்கூடிய வேறு காரணம் தப்பிவிடக் கூடாது என்பதற்காக.

வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்
மருந்து அலமாரிக்குப் பூட்டு முதல் வேலை. அவர் சாப்பிட்டுவிடுவார் என்று மட்டும் இல்லை, வீட்டில் இருப்பவர்களுக்குக் கொடுக்க வருவார். மாத்திரையை நீட்டுகிற தோரணையில் சந்தேகமே வராது, மாமியார் வாங்கிப் போட்டுக்கொள்வார். ஃப்ரிட்ஜில் இருக்கும் இன்சுலினையும் மறக்காதீர்கள். பாதரச பி.பி. மெஷின், பாதரச தெர்மாமீட்டர் இரண்டையும் அப்புறப்படுத்திவிட்டு டிஜிட்டல் வையுங்கள்.

சாயங்காலம் "டூட்டிக்கு நேரமாச்சு" என்று வாசலுக்குப் போவார். "அதான் வேலையை விட்டாச்சே" என்றால் சண்டைதான். அவருக்கு அது ஒவ்வொரு முறையும் புதுச் செய்தி. "இன்னிக்கு உங்களுக்கு ஆஃப், சிஸ்டர்" என்று சொல்லிப் பாருங்கள், பாதி நாள் அடங்கும். அடங்காத நாளில் ஒரு கூடைத் துண்டும் கட்டுத்துணியும் கொடுங்கள்; மடித்துச் சுருட்டி அடுக்குவார். முடித்ததும் கலைத்துத் திருப்பிக் கொடுக்கலாம், ஆனால் அவர் கண்ணெதிரே கலைக்காதீர்கள். குளிக்க மறுத்தால் சோப்பையும் துண்டையும் அவர் கையில் கொடுங்கள். பேஷன்ட்டைக் குளிப்பாட்டப் போகிறோம் என்ற நினைப்பில் வந்துவிடுவார்.

மருந்தாளுநர்
அல்சைமருக்குத் தரும் டோனெபெசில் மாத்திரை வழக்கமாக இரவில் 5 மி.கி.; 4 முதல் 6 வாரம் கழித்து டாக்டர் 10 ஆக்கலாம். கெட்ட கனவு வந்தால் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். நாடித்துடிப்பு 50க்குக் கீழே போனாலோ மயங்கி விழுந்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள். சளிக்கு, அரிப்புக்கு என்று அவில் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். டோனெபெசில் செய்வதற்கு நேர்மாறாக வேலை செய்து குழப்பத்தைக் கூட்டும். இரண்டே நாளில் ஆள் தலைகீழாக மாறினால் நோய் முற்றியது என்று உட்கார்ந்துவிட வேண்டாம். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், எங்காவது வலி, இவற்றைத் தேடுங்கள்.

அரசு மருத்துவமனை அலுவலகப் பணியாளர்
விருப்ப ஓய்வுக்கு அவசரப்பட்டுக் கையெழுத்து வாங்காதீர்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 20(4): பணியில் இருக்கும்போது ஊனமுற்ற அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேலையை முதலில் தொடங்குங்கள். பவர் பத்திரத்தை நம்பாதீர்கள், எழுதிக் கொடுத்தவர் புரிந்து முடிவெடுக்கும் திறனை இழந்தால் அது செல்லாது. உயில், நாமினி, கூட்டுக் கணக்கு எல்லாம் அவர் புரிந்து கையெழுத்துப் போடும் காலத்திலேயே முடிய வேண்டும்.

இழையைத் தொடங்கியவர்
பிள்ளைகளுக்கும் வருமா என்று தனிச்செய்தியில் பலர் கேட்கிறார்கள்.

நரம்பியல் ஓ.பி. நர்ஸ்
பெரும்பாலும் ஒற்றை மரபணுவால் வருவதில்லை. தலைமுறை தலைமுறையாக நாற்பது, ஐம்பதுகளில் வந்திருந்தால் பிரசெனிலின்-1, பிரசெனிலின்-2, ஏ.பி.பி. மரபணுக்களைப் பார்ப்பார்கள். மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. முதலில் மரபியல் ஆலோசகரிடம் பேசுங்கள், ரத்தம் அப்புறம்.

வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்
கடைசிக் கட்டத்தில் விழுங்குவதுதான் பெரும்பாடு. தண்ணீர்தான் சீக்கிரம் புரையேறும். கெட்டியான கஞ்சி அவ்வளவு ஏறாது. நேராக உட்காரவைத்து, டீஸ்பூன் அளவு ஊட்டி, முந்தைய வாய் இறங்கியதா என்று பார்த்துவிட்டு அடுத்தது. சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்கவிடாதீர்கள். சாப்பாட்டுக்குப் பின் குரல் ஈரமாகக் கரகரத்தால் நுரையீரலுக்குள் இறங்குகிறது என்று சந்தேகப்படுங்கள். காய்ச்சல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மூக்குக் குழாய் போட்டாலும் அந்த ஆபத்து போகாது, ஆயுளும் கூடாது. அதை வைப்பதா என்று வீட்டில் முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள்.