புகை மிஷினுக்கு முன்னால் சாவி

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

தீபாவளிக்கு வந்தவன் இன்னும் ஊரில்தான் இருக்கிறேன். பேரூராட்சிக்குக் கொசுப் புகை மிஷின் வாங்கிக் கொடுக்கலாம் என்று மஸ்கட் அண்ணன் நம் ஊர்ச் சங்கத்துக்கு எழுதிய மடலையும், அதற்கு ஆளாளுக்கு இவ்வளவு தருகிறேன் என்று போட்ட பதில்களையும் படித்தேன். நல்ல மனதோடு செய்வதுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பணத்தை அனுப்புவதற்கு முன் நான் இங்கே பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கு, ஆறாவது படிக்கிறாளே அவளுக்கு, டெங்கு வந்து மதுரைப் பெரியாஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்திருந்தார்கள். இப்போது தேறிவிட்டாள். டெங்கு என்று உறுதியானதும் தகவல் ஆஸ்பத்திரியிலிருந்து சுகாதாரத் துறைக்குப் போய், அங்கிருந்து நம் பேரூராட்சிக்கு வந்து, மறுநாள் காலை ஏழரை மணிக்கே நான்கு பேர் தெருவில் இறங்கிவிட்டார்கள். கையில் டார்ச், ஒரு கரண்டி, மருந்து டப்பா, ஒரு நோட்டு. இவர்களைத்தான் நாம் ‘கொசு மருந்துக்காரங்க’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் பெண்கள், ஒப்பந்தத்தில் தினக்கூலி. நான் சும்மா பின்னாலேயே போனேன், அன்றைக்கு மட்டுமல்ல, அடுத்து இரண்டு நாளும்.

அவர்கள் பார்ப்பது சாக்கடையை அல்ல. அது எனக்கே புதிது. டெங்குக் கொசு (ஏடிஸ் என்பார்கள்) சாக்கடையில் முட்டையிடுவதில்லை, நாம் சேர்த்து வைக்கிற நல்ல தண்ணீர்தான் அதற்கு வேண்டும். கடிப்பதும் பகலில். ஊர் வயலில் கிளம்புகிற கொசு வேறு ஜாதி. மதுரையில் சின்னச் சொக்கிகுளத்தில் கொசு ஆராய்ச்சிக்கென்றே மத்திய அரசு நிலையம் வைத்து மூளைக்காய்ச்சலுக்காக ஆராய்ந்தார்களே, அது அந்த வயல் கொசுவைத்தான். இது வீட்டுக் கொசு. சிமெண்டுத் தொட்டி, மூடி உடைந்த சின்டெக்ஸ், கொல்லையில் கிடக்கிற ஆட்டுக்கல், சிரட்டை, பழைய டயர், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் வடிகிற தட்டு, இப்படி ஒன்றையும் விடாமல் அந்த அக்காமார் டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். கொசுப்புழு இருந்தால் கொட்டச் சொல்கிறார்கள், கொட்ட முடியாத தொட்டி என்றால் புழுவைக் கொல்கிற அபேட் மருந்து ஊற்றுகிறார்கள். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்தான், குடிநீரிலேயே ஊற்ற அனுமதித்த மருந்து, ஆனாலும் பாதி வீட்டில் ‘வாடை அடிக்கும், ஊத்தாதீங்க’ என்று சண்டை. அதையும் சமாளித்துக்கொண்டுதான் போகிறார்கள்.

முட்டை விஷயம் இன்னும் மோசம். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டிச் சுவரில் ஒட்டி வைத்துவிட்டுப் போய்விடுகிறது. தண்ணீரை இறைத்துக் கொட்டினாலும் முட்டை அங்கேயே காய்ந்து பல மாதம் உயிரோடு கிடக்கும், அடுத்த மழைக்குத் தண்ணீர் தொட்டதும் பொரிந்துவிடும். அதனால்தான் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் தொண்டை வறளச் சொல்கிறார்கள். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். அந்த அக்காமார் வாரா வாரம் வருவதற்குக் காரணம் அதுதான்.

இப்போது புகை மிஷினுக்கு வருகிறேன். புகை அடித்தால் அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கிற கொசு சாகும், சரி. தொட்டிக்குள் இருக்கிற புழுவுக்கும் முட்டைக்கும் ஒன்றும் ஆகாது, நான்கு நாளில் அடுத்த கூட்டம் பறக்கும். காய்ச்சல் கண்ட தெருவில் உடனே அடிப்பதற்கு அது வேண்டியதுதான், அதற்குப் பேரூராட்சியிடம் ஏற்கெனவே மிஷின் இருக்கிறது. சத்தமும் புகையும் இருப்பதால் ஏதோ நடக்கிறது என்று நமக்கு ஒரு திருப்தி, அவ்வளவுதான்.

இங்கே உண்மையில் குறைவது வேறு. முதல் நாள் நம் கீழத்தெருவில் நடந்தபோது அந்த அக்கா நோட்டைக் காட்டினார். 17 வீட்டில் 6 வீட்டுக்கு நேராக ‘பூட்டு’, ‘பூட்டு’ என்று எழுதியிருந்தது. “போன வாரமும் பூட்டு, அதுக்கு முந்தின வாரமும் பூட்டு. செவரேறிக் குதிச்சா களவாணின்னு சொல்லுவாக. நான் என்னத்தத் தம்பி செய்ய?” என்றார். அந்த ஆறில் ஒன்று என் வீடு. நான் வந்ததே இரண்டு நாளைக்கு முன்னால்தான், அதுவரை பதினான்கு மாதம் பூட்டிக் கிடந்தது. அப்பா போனபின் அம்மாவைக் கோயம்புத்தூர் தங்கச்சியிடம் விட்டதிலிருந்து இதே கதைதான். கதவைத் திறந்து அவர்களைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனேன். அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய தொட்டியில் முக்கால்வாசி மழைத் தண்ணீர், டார்ச் அடித்ததும் புழு துள்ளித் துள்ளி அடியில் இறங்கியது. மாடிச் சின்டெக்ஸுக்கு மூடியே இல்லை. எந்தக் காற்றில் போனதோ. இந்தக் கொசு பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் சில நூறு மீட்டருக்கு மேல் போகாது என்று அந்த அக்கா சொல்லிக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப்பக்கம் பாப்பாவின் பள்ளிக்கூடச் சீருடை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. என் வீட்டுத் தொட்டியிலிருந்துதான் அவளுக்கு வந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. இருந்தாலும் அவளுடைய அம்மா முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை. அன்று சாயங்காலமே போய் விஷயத்தைச் சொன்னேன். “நீ என்னப்பா செய்வ, தூரதேசத்துல இருக்க” என்று காபி கொடுத்தார்.

அப்புறம் இன்னொன்று. நூறு வீட்டில் எத்தனை வீட்டில் புழு இருந்தது என்று கணக்கெடுத்துத்தான் எந்தத் தெருவுக்கு ஆள் போடுவது என்று முடிவு செய்கிறார்கள். அந்த நூறில் பூட்டிய வீடு சேராது, உள்ளே போய்ப் பார்த்த வீடு மட்டும்தான் கணக்கு. ஆக, நாம் பூட்டிப்போட்ட வீடுகள் எத்தனை அதிகமோ அந்த அளவுக்குத் தெரு தாளில் சுத்தமாகத் தெரியும், ஆளும் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். இது யார் தவறும் இல்லை, பார்க்காத தொட்டியை எப்படி எழுதுவது?

பேரூராட்சி ஒன்றும் செய்வதில்லை என்று நம் மடல்களில் அடிக்கடி எழுதுகிறோம். 2016 கடைசியிலிருந்து 2022 தொடக்கம் வரை தேர்தலே நடக்காமல் தனி அலுவலர் வைத்து ஓட்டினார்களே, அப்போது கேட்க ஆளில்லை என்பது உண்மை. இப்போது வார்டு உறுப்பினர் இருக்கிறார், துப்புரவு ஆய்வாளர் போன் எடுக்கிறார். மூன்றாம் நாள் மேல்நிலைத் தொட்டிக்கும் போனேன். ஆயிரம் லிட்டருக்கு நான்கு கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளியவிட்டு, தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரைமணி நேரம் கழித்துத்தான் தண்ணீர் திறக்கிறார் தொட்டி ஆபரேட்டர். பிறகு காலனியின் கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சொட்டு மருந்து விட்டு மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்க்கிறார்கள். கடைசிக் குழாயிலும் குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிஞ்சியிருக்க வேண்டுமாம். நான் பார்த்த அன்று நிறம் வந்தது. அந்த வேலைக்கு யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

வீடு புகுந்து பார்க்கவும் கொசு வளர்கிற தண்ணீரை அகற்றச் சொல்லவும் சட்டம் இருக்கிறது. 1939-இல் வந்த சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம், இந்தியாவிலேயே அந்த மாதிரி வந்த முதல் சட்டம். நோட்டீஸ் ஒட்டலாம். ஆனால் துபாயில் இருக்கிறவர் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டி யார் படிப்பது? ஆகவே சட்டத்தை விட்டுவிட்டு நாமே செய்வோம்.

நான் கேட்பது இதுதான். சங்கத்தில் வெளியூரில் இருக்கும் ஒவ்வொருவரும் ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் சாவியைக் கொடுங்கள், முழு வீட்டுச் சாவி வேண்டாம் என்றால் கொல்லைக் கதவுச் சாவி மட்டுமாவது. அவர் பெயரைத் துப்புரவு ஆய்வாளரிடம் நான் எழுதிக் கொடுக்கிறேன். மாடித் தொட்டியைக் காலி செய்து மூடச் சொல்லுங்கள். கக்கூஸ் கோப்பையிலும் தண்ணீர் நிற்கும், அதையும் மூடி வைக்க வேண்டும். செப்டிக் டேங்க் குழாய் வாயில் வலை கட்ட வேண்டும். சேர்ந்திருக்கிற பணத்தில் உடைந்த சின்டெக்ஸ் மூடிகளும் வலையும் வாங்கிவிடலாம், நம் வீட்டுக்கு மட்டுமில்லை, காலனியில் மூடி வாங்க முடியாத வீடுகளுக்கும். மீதி இருந்தால் அந்த நான்கு பேருக்கும் நல்ல டார்ச். ஒருத்தர் செல்போன் வெளிச்சத்தில்தான் பார்க்கிறார். மஸ்கட் அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது, உங்கள் வீட்டுக் கிணற்றடித் தொட்டியையும் சுவருக்கு வெளியிலிருந்து எட்டிப் பார்த்தேன், தண்ணீர் நிற்கிறது.

என் சாவி எதிர்வீட்டு மதினியிடம் இருக்கிறது. மாட்டுத்தொட்டியைக் கவிழ்க்க முடியவில்லை, அதனால் அடியில் ஓட்டை போட்டுவிட்டேன். நான் இருபதாம் தேதி வரை ஊரில் இருப்பேன். அடுத்த சுற்று செவ்வாய்க்கிழமை காலை. அதற்குள் யார் யாரிடம் சாவி என்று எழுதினால் நானே கூடப் போய்த் திறந்து காட்டுகிறேன்.