மறு: ‘லோக்கல் எஸ்இஓ’வுக்குத் தமிழ் – ‘அருகமைத் தென்படல்’ சரியாக வருமா?

அன்புள்ள ஐயாவுக்கும் குழும நண்பர்களுக்கும் வணக்கம். பக்கத்தில் கடை தேடுகிறவருக்குக் கூகுள் போன்ற தேடுபொறிகளில் நம் கடை கண்ணில் படும்படி செய்கிற வேலைதான் ‘லோக்கல் எஸ்இஓ’. அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்பதற்கு ஐயா எழுதியிருந்தது:

> ‘உள்ளூர்த் தேடுபொறி உகப்பாக்கம்’ என்றே வைத்துக்கொள்ளலாம். ‘தேடுபொறி உகப்பாக்கம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே.

இருக்கிறது ஐயா. ஆனால் அதைக் கடைக்காரரிடம் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. என் மச்சான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக் கடை வைத்திருக்கிறார். இந்தச் சொல்லைச் சொன்னதும், “தேடுபொறியை நாம எதுக்கு மாப்ள சரிபண்ணணும்? அது அவங்க வேலையாச்சே?” என்றார். நியாயமான கேள்வி. நாம் பொறியைத் தொடுவதே இல்லை, தேடுகிறவர் கண்ணில் கடை படும்படி செய்கிறோம். சொல் வேறு ஒரு வேலையைக் காட்டுகிறது.

‘உள்ளூர்’ என்பதும் எனக்கு ஒட்டவில்லை. பெங்களூரிலிருந்து ஏற்காடு போகிற குடும்பம், இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு முன்னால் அடிவாரத்தில் வண்டியை நிறுத்திச் சாப்பாட்டுக் கடை தேடுகிறது. அவர்கள் உள்ளூர்க்காரர்கள் இல்லை. ஊர் எது என்பதைவிட, தேடுகிறவர் நிற்கும் இடத்திலிருந்தோ அவர் தட்டிய ஊர்ப்பெயரிலிருந்தோ கடை எவ்வளவு தூரம் என்பதைத்தான் கூகுள் வரைபடம் பார்க்கிறது. கடைகளை வரிசைப்படுத்தக் கூகுளே மூன்று அளவைகளைச் சொல்கிறது: கேட்டதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தொலைவு, கடை எவ்வளவு பெயர்பெற்றது என்பது. காசு கொடுத்து இந்த வரிசையில் மேலே ஏற முடியாது என்றும் சொல்கிறது.

அப்படியானால் ‘அண்மைத் தேடல்’ எனலாமே என்று ஓமலூர் நண்பர் எழுதியிருந்தார். அழகான சொல்தான். ஆனால் ‘அண்மையில்’ என்றால் இன்று பலருக்கும் ‘சமீபத்தில்’ என்ற காலப்பொருள்தான் முதலில் வரும். ‘அண்மைத் தேடல்’ என்பதைச் சற்றுமுன் தேடியவற்றின் பட்டியல் என்று நினைத்துவிடுவார்கள். ‘அருகமை’யில் அந்தக் குழப்பம் இல்லை. ‘அருகமைப் பள்ளி’ என்று கல்வி விவாதங்களில் பல காலமாகச் சொல்லி வருகிறோம்.

அடுத்தது ‘விசிபிலிட்டி’, அதாவது தேடலில் கடை கண்ணில் படுவது. ‘தெரிவுநிலை’ என்றால் இலங்கை நண்பர்களுக்குத் தெரிவு என்பது தேர்ந்தெடுப்பு. ‘தென்படல்’ எல்லோருக்கும் தெரிந்தது. “ஆளே தென்படல” என்று பேச்சிலேயே இருக்கிறது. ஆக, தேடலுக்கு ‘அருகமைத் தேடல்’, அதில் கடை கண்ணில் படுவதற்கு ‘அருகமைத் தென்படல்’, அதைக் கூட்டும் வேலைக்கு ‘தென்படல் மேம்பாடு’. கடைக்காரர்கள் தங்கள் கடை விவரத்தைக் கூகுளில் பதிகிற ‘கூகுள் மை பிசினஸ்’ சேவையின் பெயரே 2021இல் ‘பிசினஸ் புரொஃபைல்’ ஆகிவிட்டது. நிறுவனத்தின் பெயரை ஒட்டிச் சொல் அமைக்காமல் இருப்பது நல்லது.

எனக்கு உண்மையில் சிக்கலாக இருப்பது ‘சைட்டேஷன்’. இதை ‘மேற்கோள்’ என்று பெயர்த்திருப்பதைப் பார்த்து வருந்தினேன். இங்கே யாரும் எதையும் மேற்கோள் காட்டுவதில்லை. கடையின் பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றும் வேறொரு தளத்தில் பதிவாகியிருப்பதுதான் சைட்டேஷன்.

மச்சான் கடை முன்பு சேலத்திலேயே ‘குகை’ என்கிற பகுதியில் இருந்தது. இடம் மாறி வந்த பிறகும் ஒரு விலாசத் தளத்தில் பழைய முகவரியும் பழைய எண்ணும் அப்படியே கிடந்தன. திருமணத்துக்குக் கொலுசு வாங்க வந்தவர்கள் குகைக்குப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியிருக்கிறார்கள். பேட்டையின் பெயரே ஒரு தளத்தில் ‘ஷெவாபேட்’, இன்னொன்றில் ‘செவ்வாபேட்டை’. எல்லாவற்றையும் ஒன்றுபோல் திருத்த எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது. வரைபடத்தில் புள்ளி பின்சந்தில் விழுந்திருந்ததையும் வாசலுக்கு நகர்த்தினோம். கூகுள் பதிவில் கடையின் வகையை ‘நகைக்கடை’ என்று பொதுவாக விடாமல் வெள்ளிக்கு மாற்றினோம். கடைப்பெயரோடு ‘சேலம் பெஸ்ட் கொலுசு’ என்று ஒட்டச் சொல்லி ஒருவர் யோசனை தந்தார், மச்சான் மறுத்துவிட்டார். பெயர்ப்பலகையில் உள்ள பெயரைத்தான் போட வேண்டும் என்பது கூகுளின் விதி. மீறினால் பதிவே முடக்கப்படலாம்.

இந்த அனுபவத்தில் எனக்குத் தோன்றிய சொல் ‘விலாசப் பதிவு’. “எல்லா விலாசப் பதிவும் ஒன்றுபோல் இருக்கணும்” என்றதும் மச்சானுக்கு மறுவிளக்கம் தேவைப்படவில்லை. ‘முகவரி’ இன்னும் தமிழாக இருக்கும் என்று ஐயா சொல்வீர்கள், தெரியும். ஆனால் ‘முகவரிப் பதிவு’ என்றால் அரசு அலுவலகத்தில் செய்கிற பதிவு போல ஒலிக்கிறது. இதில் உங்கள் கருத்து என்ன ஐயா? ஓமலூர் நண்பரும் சொல்லுங்கள்.

அன்புடன்,
சேலத்திலிருந்து