பைத்தானிலிருந்து ஜாவாஸ்கிரிப்டுக்குப் போனதும் ஒரு பைசா குறைகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் ஒன்று எழுதுகிறேன். பைத்தான் பக்கம் டெசிமல் வகையில் (தசம எண்ணைத் துல்லியமாக வைக்கும் வகை) கணக்கு சரியாக இருக்கிறது. ஜேசானில் (நிரல்களுக்கு இடையே தரவு அனுப்பும் உரை வடிவம்) எண்ணாக அனுப்பியதும் ஜாவாஸ்கிரிப்ட் அதை ஃப்ளோட்டாக, அதாவது தோராயமாகச் சேமிக்கும் தசம எண்ணாக, எடுத்துக்கொள்கிறது. அங்கே 19.99-ஐ 100-ஆல் பெருக்கினால் 1998.9999999999998 வருகிறது. பின்னத்தை வெட்டினால் 1998, ஒரு பைசா போச்சு. அடுத்தவர் காசு, அப்படியே விட மனசு வரவில்லை.

பைசாவாக்கி முழு எண்ணாக அனுப்பலாம் என்று பார்த்தேன். ஆனால் குவைத் தினாருக்கு 3 தசம இடம், ஜப்பான் யென்னுக்கு ஒன்றுமே இல்லை. "19.99" என்று ஸ்ட்ரிங்காக (எழுத்து வடிவில்) அனுப்பி, கூடவே நாணயக் குறியீட்டையும் வைப்பதுதான் நல்லது என்று தோன்றுகிறது. அப்படிச் செய்தவர்கள் இருக்கிறீர்களா? ஜாவாஸ்கிரிப்டில் எந்த லைப்ரரி வைத்துக் கணக்குப் போடுகிறீர்கள்? அப்புறம், பைத்தானின் டெசிமல் வகை, எண் சரிபாதியாக வரும்போது இரட்டைப்படை எண் பக்கம் ரவுண்ட் செய்கிறது. இரண்டு பக்கமும் ஒத்துப்போக என்ன செய்யலாம்?