ஒரே பள்ளத்தில் இரண்டு கேபிள்

கோவைக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரியின் நெட்வொர்க் பிரிவில் பதினாறு ஆண்டுகளாக இருக்கிறேன். வளாகத்தின் நிலத்தடி ஃபைபர் கேபிளை முழுவதும் மாற்றிய அனுபவத்தைச் சொல்கிறேன். உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

முதலில் எங்களிடம் இருந்தது, குறுகிய தூரத்துக்கே ஏற்ற மல்டிமோடு கேபிள்; அதன் இழையில் ஒளி செல்லும் நடுப்பகுதி 62.5 மைக்ரான் பருமன். ஒரு கிகாபிட் வேகத்தை அது 275 மீட்டர் வரை தாங்கும். பத்து கிகாபிட்டுக்குப் போனால் 33 மீட்டரிலேயே நின்றுவிடும். பக்கத்து விடுதியே 200 மீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆனாலும் வேகத்தைவிட, கேபிள் அடிக்கடி அறுந்ததுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

கணினிக் கூடத்தில் தேர்வு நடந்த ஒரு நாள், நூலகத்துக்கு எதிரே குடிநீர்க் குழாய் பதிக்கப் பொக்லைன் வந்தது. ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு கேபிள் போட்டிருந்தோம். இரண்டும் ஒரே பள்ளத்தில், ஒரு சாண் இடைவெளியில் கிடந்தன. பொக்லைன் அள்ளிய ஒரே அள்ளில் இரண்டும் போயின. கூடத்திலிருந்து ஓடிவந்த ஒரு மாணவி, "சார், நான் எழுதியதெல்லாம் இருக்குமா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. விடைகள் அந்தந்தக் கணினியிலேயே பதிவாகியிருந்தது மாலையில்தான் தெரிந்தது.

அறுந்த துண்டை எடுத்துக்கொண்டு போய் நிர்வாகக் கூட்டத்தில் மேசை மேல் வைத்தேன். நெடுந்தூரம் தாங்கும் புதிய சிங்கிள்மோடு கேபிளுக்கு உடனே ஒப்புதல் கிடைத்தது. இரண்டாவது பாதை வேண்டும் என்றதும்தான் சிக்கல். "இருக்கிற பள்ளத்திலேயே போடுங்களேன், மண் வேலைச் செலவு மிச்சமாகுமே" என்றார்கள். கேபிளைவிடப் பள்ளம் தோண்டத்தான் பணம் அதிகம் என்பது உண்மை. அந்தப் பணத்தை மிச்சப்படுத்தியதால்தான் அன்று தேர்வு நின்றது என்பதும் உண்மை. மூன்று கூட்டங்களுக்குப் பிறகு இசைந்தார்கள். இப்போது ஒரு பாதை நூலகம் வழியாகவும் மற்றொன்று மைதானத்தின் பின்னால் சுற்றுச்சுவரை ஒட்டியும் போய், எல்லாக் கட்டடங்களையும் வளையமாகக் கோக்கின்றன. சுவருக்குள் நுழையும் துளையும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். பழைய வேதியியல் கட்டடத்தில் மட்டும் அது முடியவில்லை. அந்தக் குறை இன்னும் இருக்கிறது.

இழைகளை இணைத்த இரவுகள் மறக்காது. தூறலில் சேம்பர் எனப்படும் கேபிள் இணைப்புக் குழியின் மேல் குடை கட்டி, அதனடியில் உட்கார்ந்து வேலை செய்தார் இணைப்பு வேலைக்கு வந்த ஓர் இளைஞர். 125 மைக்ரான் பருமனுள்ள கண்ணாடி இழையை ஆல்கஹாலில் துடைத்து, வெட்டி, உருக்கி ஒட்டும் இயந்திரத்தில் வைப்பார். வெட்டி விழும் ஒவ்வொரு துணுக்கையும் முழங்காலில் ஒட்டிய கறுப்பு டேப்பில் பதித்துக்கொண்டே இருந்தார். தரையில் விழுந்தால் யார் காலிலாவது ஏறிவிடும் என்றார். திரையில் 0.02 டெசிபல் மட்டுமே ஒளி இழப்பு என்று காட்டிய பிறகுதான் அடுத்த இழையைத் தொட்டார்.

மறுமொழி, திருநெல்வேலியிலிருந்து:

நான் இந்த இணைப்பு வேலையைத்தான் தொழிலாகச் செய்கிறேன். எங்கள் பக்கம் பொக்லைனுக்கு அடுத்த எதிரி எலி. எஃகுக் கவசம் உள்ள கேபிளைக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று: இழைக்குள் ஒளி அனுப்பி முறிவு எவ்வளவு தூரத்தில் என்று சொல்லும் ஓடிடிஆர் கருவி 412 மீட்டரில் முறிவு என்று காட்டினால் தரையில் 412 மீட்டர் அளந்து தோண்டிவிடாதீர்கள். ஒவ்வொரு சேம்பரிலும் சுருட்டி வைத்த உபரிக் கேபிளும் அந்தக் கணக்கில் சேரும். எந்தச் சேம்பரில் எத்தனை மீட்டர் சுருள் என்று எழுதி வைக்காத ஒரு வளாகத்தில் நாள் முழுக்கத் தவறான இடத்தைத் தோண்டியிருக்கிறேன். 1310 நானோமீட்டர் அலைநீள ஒளியில் சரியாக இருக்கும் இணைப்பு 1550 நானோமீட்டர் ஒளியில் நலிந்தால், எங்கோ கேபிள் மடங்கிக் கிடக்கிறது என்று பொருள். அதை முதலில் பாருங்கள்.

மறுமொழி, தஞ்சாவூரிலிருந்து:

நான் கல்லூரிக் கட்டடப் பராமரிப்புப் பிரிவில் இருந்தவன். பொக்லைன் ஓட்டுநரைத் திட்டுகிறோம். கேபிள் எங்கே ஓடுகிறது என்ற வரைபடம் எங்களிடமே இருந்ததில்லை. பிறகு கேபிளுக்கு ஓரடி மேலே எச்சரிக்கை நாடா பதித்தோம், தரையில் அடையாளக் கல் நட்டோம், நெட்வொர்க் பிரிவின் கையெழுத்து இல்லாமல் மண்வெட்டி போடக்கூடாது என்று விதித்தோம். அதன்பின் தோட்டக்காரரே வந்து கேட்டுவிட்டுத்தான் குழி வெட்டினார்.

முதலில் எழுதியவர்:

சுருள் கணக்கை நாங்களும் எழுதவில்லை. இந்த வாரமே சேம்பர்களைத் திறந்து அளக்கிறோம். கடந்த கார்த்திகை மழையில் சுற்றுச்சுவர் ஓரத்து வேப்பமரம் சாய்ந்து, வேரோடு குழாயையும் கேபிளையும் பிடுங்கிவிட்டது. காலை ஆறு மணிக்கு எச்சரிக்கைச் செய்தியைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. விடுதியிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்புகூட வரவில்லை.