பன்னி ஹாப்: இரண்டு சக்கரமும் ஒன்றாகவா, முன்சக்கரம் முதலிலா?

மேடுபள்ளம்:
சைக்கிளோடு தரையிலிருந்து துள்ளி எழும்பும் பன்னி ஹாப்பைப் புதிதாகக் கற்க வருகிறவர்களை, முன்சக்கரத்தை முதலில் தூக்கும் அமெரிக்கன் ஹாப்பில் நேராக இறக்கிவிடுவது சரியில்லை. இரண்டு சக்கரத்தையும் ஒரே சமயத்தில் தூக்கும் இங்கிலீஷ் ஹாப்தான் முதலில் வரவேண்டும். பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க, கையையும் காலையும் மடக்கி அழுத்திவிட்டு விருட்டென எழும்பினால் போதும். ரோட்டில் வேகமாகப் போகும்போது திடீரென்று குழி வந்தால், பின்னால் சாய்ந்து முன்சக்கரத்தைத் தூக்க நேரம் எங்கே இருக்கிறது?

பின்பிரேக்:
ஒத்துக்கொள்ளவே முடியாது. நீங்கள் சொல்வது கிளிப் பெடலில் ஷூவை மாட்டி ஓட்டுகிறவருக்குப் பொருந்தும், ஏனென்றால் அவர் காலை மேலே இழுத்தால் சைக்கிளும் சேர்ந்து வரும். அதையே பழகிவிட்டு சாதாரண பெடலுக்கு மாறினால் கால் மட்டும் மேலே போகும், சைக்கிள் தரையிலேயே இருக்கும், இறங்கும்போது பெடல் முனை காலைக் கிழிக்கும். உயரமும் கிடைக்காது. அமெரிக்கன் முறையில் கையை நீட்டி இடுப்பைப் பின்சக்கரத்துக்கு மேலே கொண்டுபோனாலே முன்சக்கரம் எழும்பிவிடும், அப்புறம் காலை நிமிர்த்தி எழுந்து, கால் விரல்களைக் கீழ்நோக்கிச் சாய்த்து பெடலைப் பின்பக்கமாக அழுத்திக்கொண்டே ஹேண்டில்பாரை முன்னால் தள்ள வேண்டும். பின்சக்கரம் தானாக மேலே வரும்.

மேடுபள்ளம்:
தானாக வராது நண்பா, பலருக்கும் சிக்கலே அங்கேதான். முன்சக்கரம் தூக்கத் தெரிந்துவிடும், பின்சக்கரம் ஒட்டினதுபோல நிற்கும். தவிர, சாதாரண பெடலிலும் இங்கிலீஷ் ஹாப் போடலாம், பாதத்தைச் சாய்த்து அழுத்துகிற அதே பிடிதான்.

ஒருசக்கரம்:
இடையில் ஒன்று சொல்கிறேன். பெயரை வைத்துக்கொண்டு எது முதல், எது அடுத்தது என்று முடிவு செய்யாதீர்கள். அமெரிக்கன் ஹாப்பையே ஜே ஹாப் என்கிறவர்களும் உண்டு. எண்டோ என்றால் முன்பிரேக் பிடித்துப் பின்சக்கரத்தைத் தூக்கும் வித்தை, ஆனால் ஹேண்டில்பாருக்கு மேல் குப்புற விழுவதையும் அதே பெயரால் சொல்கிறார்கள்! காலைத் தரையில் ஊன்றாமல் கல், பாறை போன்ற தடைகளைத் தாண்டும் டிரையல்ஸ் ஓட்டுகிறவர்கள் பின்பிரேக்கை இறுக்கி, பின்சக்கரத்தில் மட்டும் நின்று துள்ளுகிறார்கள், பிரேக்கை விட்டு ஒரு மிதி கொடுத்து அடுத்த கல்லுக்குத் தாவினால் அது பெடல் கிக். அதில் ஓடிவருகிற வேகமே தேவையில்லை.

பின்பிரேக்:
டிரையல்ஸ் தனி உலகம், அதை இதோடு கலக்க வேண்டாம். பின்சக்கரம் ஒட்டிக்கொள்கிறது என்றால் காரணம் ஒன்றுதான், இடுப்பு பின்னாலேயே தங்கிவிடுகிறது. ஹேண்டில்பார் இடுப்புக்குக் கிட்ட வரும்வரை நிமிர்ந்து எழாமலே காலை இழுக்கிறார்கள். சீட்டை நன்றாக இறக்கி வைத்து, மிதிக்காமல் பின்சக்கரத்தில் உருளும் மேனுவலைத் தனியாகப் பழகட்டும், அதற்கப்புறம் பின்சக்கரத்தைத் தூக்கச் சொல்லுங்கள்.

மேடுபள்ளம்:
மேனுவல் முதலில் என்பதை ஏற்கிறேன். ஆனால் கிளிப் பெடலில் ரோட்டில் ஓட்டுகிறவருக்கு என் பதில் மாறாது, அவருக்கு இங்கிலீஷ் ஹாப்தான்.